கண்டி வாவிக் கரையில் இரண்டு நாள்

“சனிக்கிழமை காலையிற் புறப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை இரவு வீடு வந்து சேர்ந்துவிடலாம்” என்று தகப்பனார் சொல்லும் அந்த வேளையிலேயே வீடு முழுவதும் உற்சாகம் பரவிவிடுகின்றது. பிள்ளைகள் நாட்காட்டியைப் புரட்டுகின்றனர். தாயார் வழியுணவுக்கு என்ன செய்யலாமென எண்ணத் தொடங்குகின்றார். பாட்டியார், “அங்கே கும்பிடக் கோயில் உண்டோ?” என வினவுகின்றார். இவ்வளவு மகிழ்ச்சியோடு தொடங்கும் பிரயாணம், முடிவில் எல்லோரையும் களைத்துச் சோரச் செய்து, “இனி ஒருநாளும் இப்படிப் புறப்படக் கூடாது” என்ற தீர்மானத்தோடு நிறைவுறுவதும் உண்டு. குற்றம் பிரயாணத்தினுடையதன்று, திட்டத்தினுடையது. ஒரு வாரத்திற் பார்க்கவேண்டியவற்றை இரண்டு நாளில் அடக்கிவிட முயல்வதே நாம் செய்யும் தவறு.

ஆதலால் இவ்வாரம் ஒரேயொரு நகரை எடுத்துக்கொண்டு, அங்கே இரண்டு நாளை எவ்வாறு பயனுறச் செலவிடலாம் என வாசகர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகின்றோம். அந்நகர் கண்டி. மலைகள் சூழ, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், நடுவே ஒரு வாவியைத் தாங்கி நிற்கும் நகர் அது. கொழும்பிலிருந்து தரைவழியாக ஏறக்குறைய 115 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தவர்க்கோ அது தங்கள் வீதியின் மறுமுனை. ஏ-9 எனப்படும் பெருந்தெரு கண்டியிலே தொடங்கி யாழ்ப்பாணத்திலே முடிகின்றது.

கண்டியைத் தெரிந்தெடுத்தமைக்கு அழகு மாத்திரம் காரணமன்று. அங்குள்ள வாவி இயற்கையாய் அமைந்ததன்று. மனிதர் கையால் ஆனது. அதன் வரலாறு நம் பிள்ளைகள் அறியவேண்டிய வரலாறு. அதை அறியாது அவ்வாவியைச் சுற்றிவருவோர் தண்ணீரை மட்டுமே கண்டு திரும்புவர்.

எப்பொழுது, எவ்வாறு செல்வது?

தை முதற் பங்குனி வரையுள்ள மாதங்களில் மழை குறைவு, வானம் தெளிவாயிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை மிகுதி. ஆடி, ஆவணிக் காலத்தில் நிகழும் எசலப் பெரஹரா காண்பதற்கு அரியது. ஆயின் அந்நாட்களில் தங்குமிடம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் வாடகை பன்மடங்கு. சிறு குழந்தைகளோடும் முதியோரோடும் முதன்முறை செல்வோர் பெரஹரா அல்லாத காலத்தைத் தெரிவதே நன்று. போயா தினங்களில் தலதா மாளிகையிற் பக்தர் கூட்டம் பெருகும் என்பதையும் நினைவிற் கொள்க.

கொழும்பிலிருந்து செல்வோர்க்குப் புகையிரதப் பாதையே இன்பமானது. அப்பாதை 1867 ஆம் ஆண்டிற் கண்டியை எட்டியது. றம்புக்கணையைத் தாண்டியதும் வண்டி மலையேறத் தொடங்குகின்றது. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளத்தாக்கு, இடையிடையே சுரங்க வழிகள். சுரங்கத்துட் புகும்போதெல்லாம் பிள்ளைகள் கூவும் கூச்சலைப் பொறுத்துக்கொள்ளல் வேண்டும். அதுவும் பிரயாணத்தின் ஒரு பகுதியே. கண்டி நோக்கிச் செல்கையில் வலப்புற ஆசனங்களிற் காட்சி சிறப்பாயிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து புகையிரதத்தில் வருவோர் பொல்காவலையில் இறங்கி வண்டி மாறுதல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலினால் மலைநாட்டுப் பாதைகள் பலவிடங்களிற் சேதமுற்றன. ஆகையால் நாள் குறிக்குமுன் புகையிரத நிலையத்தில் விசாரித்தறிந்து கொள்வது அவசியம்.

தூர இடங்களிலிருந்து வருவோர் வெள்ளிக்கிழமை இரவே புறப்பட்டுவிடல் வேண்டும். இல்லையேல் இரண்டு நாளில் ஒரு நாள் வழியிலேயே கழிந்துவிடும்.

முதல் மாலை: வாவியைச் சுற்றுக

தங்குமிடத்திற் பொருள்களை வைத்து, உண்டு, சற்று இளைப்பாறியபின் செய்யவேண்டிய முதற் காரியம் வாவியைக் காலால் நடந்து சுற்றுதல். சுற்றளவு மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். விரைவாக நடந்தால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் விரைவாக நடத்தற்குரிய இடமன்று அது. மாலை நான்கரை மணியளவிற் புறப்பட்டால், நடந்து முடிகையில் மாலைப் பூசைக்கான மேள ஒலி மாளிகையிலிருந்து கேட்கும். முழுச் சுற்றும் நடக்க இயலாத முதியோரை மாளிகைப் பக்கத்துக் கரையில் அமரச் செய்யலாம். காற்றும் காட்சியும் அவர்களுக்கு அங்கேயே உண்டு.

கரையோரத்துப் பெருமரங்களில் நீர்க்காகங்களும் கொக்குகளும் அந்தியில் வந்தடையும். அம்மரங்களின் கீழ் நடைபாதை வெண்மையாயிருப்பதைக் கண்டு, சுண்ணாம்பு தெளித்துள்ளார்கள் என்று எண்ணி நிற்பவர் தலையிலும் சட்டையிலும் அதன் விளக்கம் உடனே வந்து விழும். குடை விரித்துக் கடப்பது புத்தி. நீரிலே ஆமைகளும் பெரிய மீன்களும் தென்படும். சில வேளைகளில் கபரகொய்யா ஒன்று தலையை மாத்திரம் உயர்த்தி நீந்திச் செல்லும்.

மாளிகைக்கு எதிரே சிற்றலைகள் போல, அல்லது முகிற் கூட்டம் போல, வளைந்து வளைந்து செல்லும் வெண்மதில் ஒன்றுண்டு. சிங்களத்தில் அதனை ‘வலாக்குளு பெம்ம’, அதாவது முகில் மதில், என்பர். அதிலுள்ள முக்கோண மாடங்கள் விழாக்காலத்தில் விளக்கேற்றுதற்காக அமைக்கப்பட்டவை. மதிலோ வாவியை முழுவதும் சுற்றி முடியவில்லை, ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. கூர்மையான கண்ணுடைய பிள்ளை அங்கேதான் கேட்கும்: “அப்பா, இந்தக் குளத்தை ஆர் கட்டினது? ஏன் மதிலை முடிக்காமல் விட்டவை?”

அக்கேள்விக்கு ஆயத்தமாயிருத்தலே இப்பிரயாணத் திட்டத்தின் முக்கியமான பகுதி என்பது நமது கருத்து.

வாவியின் கதை

1739 ஆம் ஆண்டிற் கண்டியரசன் வீர நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய புதல்வன் இன்றி இறந்தான். மதுரை நாயக்கர் வழியில் வந்த அவனுடைய தேவியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயருடன் அரியணை ஏறினான். அவ்வழியில் அரசர் நால்வர் தொடர்ந்து 1815 வரை ஆண்டனர். சைவ மரபிற் பிறந்த இவர்கள் புத்த சமயத்தைப் பேணுதலைத் தம் அரச கடமையாகக் கொண்டனர். இரண்டாமவனான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753 ஆம் ஆண்டில், சீயத்திலிருந்து பிக்குகள் வரவழைக்கப்பட்டு, அற்றுப்போயிருந்த உபசம்பதா என்னும் துறவுநிலை மீண்டும் நிலைநாட்டப்பட்டது. பெரஹராவிலே தந்தப் பேழையை முதலிடத்தில் எடுத்துச் செல்லும் வழக்கமும் அவன் காலத்திலே உண்டானது.

நால்வருள் இறுதியானவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. 1798 ஆம் ஆண்டிற் பதினெட்டு வயதளவில், பிலிமத்தலாவை என்னும் முதலமைச்சன் அவனை அரியணையில் அமர்த்தினான். இளையவன் தன் சொற்படி ஆள்வான் என்பது அமைச்சனின் எண்ணம். ஆனால் அரசன் யார் சொல்லுக்கும் ஆட்படவில்லை. தன் தலைநகரை அழகுபடுத்த வேண்டுமென்ற பேராவல் அவனைப் பற்றிக்கொண்டது. தலதா மாளிகையின் முகப்பில் நிற்கும் எண்கோண மண்டபத்தைக் கட்டுவித்தவன் அவனே. மாளிகைக்கு முன்னிருந்த வயல்வெளியை அணைகட்டி மறித்து, 1807 ஆம் ஆண்டளவிற் தொடங்கி 1812 அளவில் வாவியாக்கியவனும் அவனே. நடுவேயுள்ள தீவு அரச குடும்பத்தினர் உல்லாசமாயிருத்தற்கென அமைந்தது. இவ்வேலைகளிற் சிற்பாசாரியனாக விளங்கியவன் தேவேந்திர மூலாச்சாரி. அரசன் அவ்வாவிக்கு இட்ட பெயரைப் பாருங்கள்: ‘கிரி முஹுத’, அதாவது பாற்கடல்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் கதை இனிது. ஆனால் மண் வெட்டியவர் யார், சுமந்தவர் யார் என்ற கேள்வி எஞ்சி நிற்கின்றது. ‘இராசகாரியம்’ என்ற முறைப்படி குடிமக்கள் கூலியின்றி அரசனுக்கு உழைத்தல் வேண்டும். பயிர் செய்யவேண்டிய கைகள் வாவி தோண்டின. மக்கள் முணுமுணுத்தனர், பிரதானிகளும் வெறுத்தனர். எதிர்த்தோரை அவ்வாவியின் அடித்தரையிலேயே கழுவேற்றினான் என்ற வழக்கும் உண்டு. பின்னர் எஹலப்பொல என்ற அமைச்சன் அரசனுக்கு மாறாகக் கிளம்பி ஆங்கிலேயரிடம் சென்றடைந்தபோது, 1814 ஆம் ஆண்டில், அரசன் அவனுடைய மனைவியையும் பிள்ளைகளையும் கொல்வித்தான். ஆங்கிலேயர் அக்கொடுமையை எடுத்துரைத்தே தம் படையெடுப்புக்கு நியாயம் கற்பித்தனர். அவர்கள் கண் இராச்சியத்தின் மேல் நெடுநாளாகவே இருந்தது என்பது வேறு விஷயம்.

1815 பெப்ரவரி 18 ஆம் திகதி அரசன் பிடிபட்டான். மார்ச் 2 ஆம் திகதி, மாளிகையின் அயலிலுள்ள மரத்தூண் மண்டபமாகிய மகுல் மடுவையிற் கண்டி உடன்படிக்கை நிறைவேறியது. அதிற் கையொப்பமிட்ட சிங்களப் பிரதானிகளுட் சிலர் தமிழெழுத்திற் கையொப்பமிட்டுள்ளனர் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். மொழிகள் அக்காலத்திற் கோட்டைகளாக நின்று ஒன்றையொன்று தடுக்கவில்லை. முகில் மதில் முடியாது நின்றதன் காரணமும் இதுவே: கட்டுவித்தவனுக்கு நாடு இல்லாது போயிற்று.

பின்னர் நடந்தவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அரசன் 1816 ஆம் ஆண்டு வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே 1832 சனவரி 30 ஆம் திகதி இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுடைய நினைவாக முத்துமண்டபம் உள்ளது. அவனை வீழ்த்த உதவிய எஹலப்பொலவும் ஆங்கிலேயரின் ஐயத்துக்கு இலக்காகி, நாடு கடத்தப்பட்டு, 1829 இல் மொரீசியசுத் தீவில் இறந்தான். இருவரையும் நகர்த்திய சூத்திரதாரியான ஜோன் டொயிலி என்ற ஆங்கிலேயர் 1824 இற் காய்ச்சலால் இறந்து, கண்டியிலேயே, மாளிகைக்கு அணித்தான பழைய ஆங்கிலேயர் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மூவருள் ஒருவருக்கும் இவ்வாவிக் கரையில் நிம்மதியாக முதுமை எய்தும் பேறு கிட்டவில்லை. இன்று மாலை நேரத்திற் கடலை கொறித்துக்கொண்டு அக்கரையில் உலாவும் பேறு நமக்குக் கிட்டியிருக்கின்றது.

“தமிழ் பேசிய அரசன் கட்டிய குளம்” என்று பெருமையடித்துக்கொண்டு நின்றுவிடுதலும் முறையன்று. “கொடுங்கோலன்” என்ற ஒரு சொல்லால் அவனைத் துடைத்தெறிதலும் முறையன்று. அழகை விரும்பியவன் அவன். அழிவு செய்தவனும் அவனே. மண் சுமந்தோரின் பெயரோ எந்த ஏட்டிலும் இல்லை. இவையெல்லாவற்றையும் ஒருங்கே மனத்திற் கொண்டு வாவியைப் பார்க்கப் பழகும் பிள்ளை, பிற்காலத்தில் எந்த வரலாற்றையும் நிதானத்தோடு படிக்கும்.

மாளிகையும் தேவாலயங்களும்

தலதா மாளிகையில் நாள்தோறும் மூன்று வேளை பூசை உண்டு. தோளும் முழங்காலும் மறையும்படி, கூடுமாயின் வெண்ணிற உடை அணிந்து செல்லுதல் வேண்டும். பாதரட்சைகளை வெளியே கழற்றிவிடல் வேண்டும். 1998 சனவரியிற் குண்டுவெடிப்பினால் மாளிகை பெருஞ் சேதமுற்றுப் பின்னர் திருத்தியமைக்கப்பட்டது. வாயிலிற் சோதனை நடைபெறும். பெரியவர்கள் அடையாள அட்டையைக் கையோடு வைத்திருத்தல் நன்று.

மாளிகையைப் பார்த்தவுடன் திரும்பிவிடுதல் பலர் செய்யும் பிழை. அயலிலே நாத, விஷ்ணு, பத்தினி தேவாலயங்களும், சற்று அப்பால் நகர வீதியிற் கதிர்காம தேவாலயமும் உள்ளன. பெரஹராவில் மாளிகை ஊர்வலத்தின் பின் வருவன இந்நான்கின் ஊர்வலங்களே. பத்தினி தெய்யோ என்று அங்கே வழிபடப்படுபவள், வற்றாப்பளையிலும் மட்டக்களப்புக் கிராமங்களிலும் நாம் கண்ணகி அம்மன் என்று கும்பிடும் அதே தெய்வம். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை வேந்தன் கயவாகுவும் அங்கிருந்தான் என்பது சிலப்பதிகாரம் கூறும் செய்தி. கதிர்காமத் தெய்வம் யாரென்று நாம் சொல்லத் தேவையில்லை. “கும்பிடக் கோயில் உண்டோ?” என்று கேட்ட பாட்டியார்க்கு இவற்றோடு கட்டுக்கலை செல்வ விநாயகர் ஆலயமும் உண்டு.

ஞாயிறு: பேராதனை

இரண்டாம் நாட் காலை பேராதனைக்கு உரியது. நகரிலிருந்து சில கிலோமீற்றர் தூரமே. பஸ் வண்டிகள் அடிக்கடி உண்டு. 1821 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பேராதனைத் தாவரவியற் பூங்கா ஏறக்குறைய 147 ஏக்கர் பரப்புடையது. மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோடுகின்றது. வாசல் திறந்தவுடன் உட்சென்றால் வெயில் ஏறுமுன் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். இரட்டைத் தென்னையையும், புற்றரையிற் கிளைபரப்பி நிற்கும் பேராலையும், பனைவகை மரங்கள் அணிவகுத்த சாலைகளையும் காணத் தவறவேண்டாம். புகழ்பெற்றோர் நட்ட மரங்கள் வரிசையாய் நிற்கின்றன. விண்வெளிக்கு முதன்முதற் சென்ற யூரி ககாரின் 1961 இல் நட்ட மரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும்படி பிள்ளைகளை ஏவிவிட்டால், பெரியவர்க்கு அரைமணி நேர ஓய்வு கிடைக்கும். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை மரநிழலில் அவிழ்த்துண்பதிலுள்ள சுவை எந்த உணவுச்சாலையிலும் இல்லை. இலையையும் காகிதத்தையும் எறியாது கூடைக்குள் மீள இடுதல் நம் கடமை.

உயர்வகுப்பு மாணவர் உள்ள குடும்பங்கள் அப்பால் பல்கலைக்கழக வளாகத்தையும் ஒருமுறை காண்பது நன்று. 1952 ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகம் இங்கு இடம்பெயர்ந்தது. பேராசிரியர் கணபதிப்பிள்ளை தமிழ் கற்பித்ததும், பேராசிரியர் வித்தியானந்தன் கிராமத்துக் கூத்தை அரங்கேற்றி ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றைத் தந்ததும் இவ்விடத்திலிருந்தே. அங்குள்ள குறிஞ்சிக் குமரன் ஆலயம் மாணவர் பலரின் பரீட்சைக்கால வேண்டுதல்களைக் கேட்டறிந்தது.

விடவேண்டியவையும் எடுக்கவேண்டியவையும்

இவ்வளவே இரண்டு நாளுக்குப் போதும். “கண்டி வரை வந்தோம், நுவரெலியாவையும் பார்த்துவிடுவோம்” என்று எவரேனும் கூறினால் அன்போடு மறுத்துவிடுங்கள். நேரம் மிஞ்சுமாயின் மாளிகைக்குப் பின்னுள்ள உடவத்தைக் காட்டுக்குச் செல்லலாம். மழை பெய்திருந்தால் அங்கே அட்டைகள் வரவேற்கும். நடக்க இயலுவோர் வாவிக்கு மேலுள்ள குன்றிற் காட்சித்தளம் வரை ஏறி, நகரையும் நீரையும் ஒருசேர நோக்கலாம்.

தங்குமிடத்தை முன்னதாகவே ஒழுங்குசெய்து, வாடகை எவ்வளவு, உணவு உட்பட்டதா என்பவற்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு குடை, மாலைக்கு மெல்லிய மேற்சட்டை, முதியோரின் மருந்து, கொதித்தாறிய நீர் இவை மறவாதன. பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும் ஒரு சிறு குறிப்புப் புத்தகமும் பென்சிலும் கொடுங்கள். கண்ட பறவை, கேட்ட பெயர், விளங்காத விஷயம் ஆகிய மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். விளங்காத விஷயமே மிகப் பெறுமதியுடையது.

ஞாயிறு மாலை திரும்புமுன் ஒருமுறை கூட வாவிக் கரைக்குச் சென்று, முகில் மதில் முடியும் இடத்திற் சிறிது நேரம் நில்லுங்கள். முதல் நாள் கேள்வி கேட்ட பிள்ளையிடம் இப்பொழுது நீங்கள் கேளுங்கள்: “இது ஏன் முடியாமல் நிற்குது, தம்பி?” அப்பிள்ளை தன் சொல்லில் அக்கதையைச் சொல்லுமாயின், சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் செலவிட்ட பணம் வீணாகவில்லை என்று நிச்சயமாக நம்பலாம்.